வில் வேட்டை அம்புமுனைகள்: நிலையலகும் விரியலகும்

மான் முதலிய பெரிய விலங்குகளை வில்லால் வேட்டையாடுவோர் அம்பின் நுனியில் பொருத்தும், கத்தி போன்ற அலகுகள் கொண்ட முனையை பிராட்ஹெட் என்பர். அலகுகள் அசையாமல் இறுகியிருந்தால் அது நிலையலகு முனை. பறக்கும்போது ஒடுங்கியிருந்து, விலங்கின் உடலில் படும் கணத்தில் விரிவது விரியலகு முனை. வட அமெரிக்காவின் வெண்வால் மான், எல்க் வேட்டைக்காரர்களிடையே இவற்றில் எது மேல் என்ற விவாதம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. வில்லின் வலிமையையும் விலங்கின் எலும்பையும் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

அம்பு கொல்லும் விதமே இங்கு அடிப்படை. அதிவேகத் துப்பாக்கிக் குண்டு சுற்றியுள்ள தசையையும் சிதைக்கிறது. அம்பு குருதிக்குழாய்களையும் நுரையீரலையும் வெட்டி, முக்கியமாகக் குருதியிழப்பால் கொல்கிறது. இரு நுரையீரல்களும் துளைக்கப்பட்ட மான் சில நொடிகளில் விழுந்துவிடும். வயிற்றில் தைத்தாலோ பல மணி நேரம் துடிக்கும். பல வேளைகளில் அதன் உடல்கூடக் கிடைக்காது. முனையின் தேர்வை வெறும் கருவி விருப்பமாகக் கருதக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

வரலாறு

1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் அருகே வெளியுலகுக்கு வந்த யாகி பழங்குடியினரான இஷியிடம் வில்வித்தை கற்றவர் மருத்துவர் சாக்ஸ்டன் போப். அவரும் ஆர்தர் யங்கும் அமெரிக்காவில் வில் வேட்டைக்குப் புத்துயிர் அளித்தனர். அவர்கள் காலத்து முனைகள் அனைத்தும் நிலையலகு வகையே. 1956இல் மிச்சிகனைச் சேர்ந்த பிரெட் பேர் வெளியிட்ட ரேசர்ஹெட், முதன்மை அலகோடு குறுக்கே செருகும் மெல்லிய சவர அலகையும் கொண்டு பெரும்புகழ் பெற்றது.

மிசோரியின் ஹாலஸ் வில்பர் ஆலன் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969இல் பெற்ற காம்பவுண்டு வில் நிலைமையை மாற்றியது. பழைய வில்லிலிருந்து அம்பு நொடிக்கு 50 மீட்டர் அளவில் சென்றது. கப்பி வைத்த இன்றைய காம்பவுண்டு வில்லிலிருந்து 85 மீட்டரைத் தாண்டுகிறது. அந்த வேகத்தில் அகன்ற அலகுகள் சிறகுகளாகிக் காற்றைப் பிடித்தன, அம்பு விலகியது. பறக்கும்போது அலகை மறைத்துவைக்கும் முனைக்குத் தேவை பெருகியது இதனால்தான்.

பறத்தல்

அம்பின் பின்புற இறகுகள் அதை நேராகச் செலுத்த முயல்கின்றன. முன்னே இருக்கும் நிலையலகு அதற்கு எதிராகத் திசைதிருப்ப முயல்கிறது. வில்லில் சிறு பிசகு இருந்தாலும் இந்த இழுபறியில் அது பெரிதாகிவிடும். ஆகவே நிலையலகு பயன்படுத்துவோர் அலகில்லாத பயிற்சி முனையையும் வேட்டை முனையையும் மாறிமாறி எய்து, இரண்டும் ஒரே இடத்தில் தைக்கும்வரை அம்பு தாங்கியை நூலளவு நூலளவாக நகர்த்துகின்றனர். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் தவிர்க்கக் கூடாதது.

விரியலகு முனை பெரும்பாலும் பயிற்சி முனை போலவே பறக்கும். இது அதன் உண்மையான பலம். ஆனால் இதை நம்பி வில்லைச் சீர்செய்யாமல் விடுவது தவறு. வாலாட்டியபடி செல்லும் அம்பு இலக்கில் தைத்தாலும், பக்கவாட்டு அசைவில் ஆற்றலை இழந்து ஆழம் போகாது.

வெட்டும் ஊடுருவலும்

நிலையலகு முனைகளின் வெட்டு அகலம் பொதுவாக 25 முதல் 32 மில்லிமீட்டர். விரியலகில் 38 முதல் 50 மில்லிமீட்டர் வரை சாதாரணம். அதற்கு மேலும் உண்டு. அகன்ற வெட்டு அதிகக் குருதியையும், பின்தொடரத் தெளிவான தடத்தையும் தரும். அதற்கு விலை உண்டு: அலகு விரியவும், அகலமாக வெட்டவும் ஆற்றல் செலவாகிறது.

26 கிராம் அம்பு நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 94 ஜூல். 29 கிராம் அம்பை 46 மீட்டர் வேகத்தில் விடும் மரபு வில்லில் அது 31 ஜூல்தான். முதல் அம்பை எய்பவர் வெண்வால் மானின் விலா வழியே விரியலகைச் செலுத்தும்போது மறுபுறம் வெளியேறப் போதிய ஆற்றல் மிச்சமிருக்கும். இரண்டாமவர் அதே முனையைப் பூட்டினால் அம்பு பாதியில் நின்றுவிடலாம். குறைந்த இழுவிசை வில் வைத்திருப்போருக்கும், எல்க், மூஸ் போன்ற கனத்த எலும்புள்ள விலங்குகளைத் தேடுவோருக்கும் கூரிய, குறுகிய நிலையலகே சரி.

விரியும் முறையும் முக்கியம். சில முனைகளில் அலகின் நுனி முன்புறம் இருந்து, படும்போது குடைபோல் பின்னோக்கிச் சுழல்கிறது. சாய்வாகத் தைத்தால் இது அம்பை உதறக்கூடும். ரேஜ் என்ற வணிகப்பெயர் கொண்ட முனை போன்றவற்றில் அலகுகள் பின்னோக்கி வழுக்கி விரிவதால் தொடக்கத்திலேயே முழு வெட்டு விழுகிறது. அலகைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையமோ பிளாஸ்டிக் கழுத்துப்பட்டையோ தளர்ந்தால், அம்பறாத்தூணியிலேயோ பறக்கும்போதோ அலகு விரிந்துவிடும். அசையும் உறுப்பே இல்லாத நிலையலகில் இந்தக் கவலை இல்லை.

தென்னாப்பிரிக்காவின் நாட்டாலில் 1980களில் களச் சோதனைகள் நடத்திய எட் ஆஷ்பி, கனத்த எலும்பைப் பிளக்க 650 கிரெயின், அதாவது சுமார் 42 கிராம் எடையுள்ள அம்பையும் உறுதியான ஈரலகு முனையையும் பரிந்துரைத்தார். மறுபக்கம், மேரிலாந்தின் இந்தியன் ஹெட் கடற்படைத் தளத்தில் 1989 முதல் 2012 வரை திரட்டிய பதிவுகளில், காம்பவுண்டு வில்லாலும் குறுக்கு வில்லாலும் தாக்கப்பட்ட மான்களில் நிலையலகு பட்டவை சுமார் 82 விழுக்காடும், விரியலகு பட்டவை சுமார் 91 விழுக்காடும் மீட்கப்பட்டன. முனையை வேட்டைக்காரர்களே தேர்ந்ததால் இது கட்டுப்பாட்டுச் சோதனை ஆகாது. இருந்தும், விரியலகு நம்பத்தகாதது என்ற பழைய வாதத்தை, மான் வேட்டையைப் பொறுத்தவரை, இது பலவீனப்படுத்துகிறது. இரு முடிவுகளும் மோதுவதாகத் தோன்றலாம். ஆனால் ஒன்று கனத்த எலும்பைப் பற்றியது, மற்றது மெல்லிய விலாவைப் பற்றியது.

இரு வகையையும் இணைத்து, முன்னே சிறு நிலையலகும் பின்னே விரியும் அலகும் வைத்த கலப்பு முனைகளும் விற்பனையில் உள்ளன. எந்த வகையானாலும் முன்கை மயிரைச் சிரைக்கும் கூர்மை வேண்டும். பயிற்சியில் எய்த அலகை மாற்றாமலோ தீட்டாமலோ காட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

சட்டம்

அமெரிக்காவில் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கொலராடோவில் பெரிய விலங்கு வேட்டைக்கான முனை குறைந்தது 7/8 அங்குல அகலம் இருக்க வேண்டும். ஐடஹோ, ஓரிகன் போன்ற மேற்கு மாநிலங்கள் விரியலகை நெடுங்காலம் தடைசெய்திருந்தன. பின்னிழுக்கையில் கொக்கிபோல் மாட்டும் முனைகளுக்கும் பல இடங்களில் தடை உண்டு. பிரிட்டனில் மான்களை வில்லால் வேட்டையாடுவதே குற்றம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மான் உள்ளிட்ட பாதுகாக்கப்பட்ட விலங்குகளை எந்த ஆயுதத்தாலும் வேட்டையாட அனுமதியில்லை.