வட்டியே வாடகையான வீடுகள்

பெங்களூரில் வீடு தேடி வருகிறவரிடம் தரகர் முதலில் கேட்பது "ரெண்ட்டுக்கா, லீஸுக்கா?" என்பதுதான். ரெண்ட் என்றால் மாத வாடகை, அதோடு பத்து மாத அட்வான்ஸ். லீஸ் என்றால் கணக்கே வேறு. குடிவருகிறவர் பெரிய தொகை ஒன்றை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவார். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வாடகை என்ற பேச்சே கிடையாது. கரண்ட் பில்லும் தண்ணீர் பில்லும் மட்டும்தான். காலி செய்யும் நாளில் அந்தத் தொகை அப்படியே, வட்டியில்லாமல், திரும்பி வர வேண்டும். கன்னடத்தில் இது போக்ய. அல்சூர், விவேக் நகர் தமிழர்களுக்குப் போக்கியம். மதுரை, நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களுக்கு ஊரில் பார்த்துப் பழகிய ஒத்தி.

வயலுக்கும் தோப்புக்கும் உரிய ஏற்பாடுதான் நகரத்து மாடிப் போர்ஷனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நிலத்தை ஒத்திக்கு வாங்கியவர் விளைச்சலை எடுத்துக்கொள்வார், அதுவே அவர் கொடுத்த பணத்துக்கு வட்டி. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், 58-ஆம் பிரிவில் அடமான வகைகளை வரிசைப்படுத்தும்போது இதற்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது: சொத்தின் சுவாதீனத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்து, அதன் வருமானத்தை வட்டிக்கு ஈடாக அவரே அனுபவிக்க விடும் அடமானம். சட்டத்தின் கண்ணில் பார்த்தால் லீஸுக்குக் குடியிருப்பவர் கடன் கொடுத்தவர்; வீட்டுக்காரர் கடனாளி.

வீட்டுக்காரர் ஏன் குடியிருக்க வருகிறவரிடம் கடன் வாங்க வேண்டும்? இந்தக் கேள்விக்கான பதில் பெங்களூரின் நூறாண்டு வளர்ச்சியில் இருக்கிறது.

1898-இல் பிளேக் ஊருக்குள் நுழைந்தது. நெருக்கமான பேட்டைத் தெருக்களை விட்டு மக்கள் வெளியேறினார்கள். மைசூர் அரசு பசவனகுடியையும் மல்லேஸ்வரத்தையும் புதிய விரிவாக்கங்களாக வகுத்தது. கன்டோன்மென்ட் பக்கத்தில் சில ஆண்டுகள் கழித்து ஃப்ரேசர் டவுன் எழுந்தது. மனை கிடைத்துவிடும், அதன்மேல் சுவர் எழுப்பப் பணத்துக்கு எங்கே போவது? 1909-இல் தொடங்கிய பெங்களூர் கட்டடக் கூட்டுறவுச் சங்கம் இந்தத் தேவையிலிருந்து பிறந்தது. இந்தியாவின் முதல் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் என்று அதைச் சொல்வார்கள்.

அடுத்த நெருக்கடி போரோடு வந்தது. 1940-இல் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தொடங்கியது. விடுதலைக்குப் பின் ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று பொதுத்துறை ஆலைகள் வரிசையாக வந்தன. வேலை தேடி வந்தவர்களில் தமிழர்களும் ஏராளம். 1945-இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் மனைகளைப் பிரித்துக் கொடுத்தது. 1948-இல் ஜெயநகருக்கு அடிக்கல் நாட்டியவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. வாரியத்தின் பணி 1976-இல் பெங்களூர் வளர்ச்சி ஆணையமான பி.டி.ஏ. கைக்குப் போனது. முப்பதுக்கு நாற்பது அடி சைட் என்பது நடுத்தரக் குடும்பத்தின் கனவுக்கு அளவாகவே ஆகிவிட்டது.

இதே காலத்தில் வாடகைக் கட்டுப்பாடும் இருந்தது. 1961-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வீடு காலியானால் உரிமையாளர் கட்டுப்பாட்டு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்பதை அதிகாரி தீர்மானிக்கலாம். நியாய வாடகையையும் அவரே நிர்ணயிக்கலாம். வாடகையை ஏற்ற முடியாது, ஆளை எழுப்புவதும் சுலபமில்லை. மாதம் பிறந்தால் வரும் சின்ன வாடகையைவிட, முன்கூட்டியே கைக்கு வரும் மொத்தப் பணம் வீட்டுக்காரருக்கு இனித்ததில் வியப்பில்லை.

வங்கிகள் அப்போது வீட்டுக்காகத் தனிமனிதருக்குக் கடன் கொடுக்க முன்வரவில்லை. எச்.டி. பாரேக் பம்பாயில் வீட்டுக்கடன் நிறுவனமான எச்.டி.எஃப்.சி.யைத் தொடங்கியதே 1977-இல்தான். கனரா வங்கி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட கேன் ஃபின் ஹோம்ஸை 1987-இல் நிறுவியது. தேசிய வீட்டுவசதி வங்கி 1988-இல் வந்தது. அதுவரை வீடு கட்டியவரின் மூலதனம் அலுவலகக் கடன், எல்.ஐ.சி. கடன், பி.எஃப்., சீட்டுப் பணம், மனைவியின் நகை. தரைத்தளம் முடிவதற்குள் எல்லாம் கரைந்துவிடும். முதல் மாடியைக் கட்டப் பணம் வேண்டுமானால், கீழ்ப் போர்ஷனில் பாதியை லீஸுக்கு விடுவதுதான் கைவசம் இருந்த வழி. முதல் மாடி முடிந்ததும் அதை லீஸுக்கு விட்டுப் பழையவருக்குத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது பெண்ணின் கல்யாணத்தை முடிக்கலாம்.

இந்தப் பழக்கத்தின் உயிர் இரண்டு வட்டிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியில் இருக்கிறது. 1991 பொருளாதார நெருக்கடியின்போது ரிசர்வ் வங்கி தன் வங்கி விகிதத்தை 12 சதவீதத்துக்கு உயர்த்தியது. அடுத்த சில ஆண்டுகளில் டெபாசிட்டுக்கு 12 சதவீத அளவுக்கு வட்டி கிடைத்தது. வீட்டுக்கடன் வட்டி 15 சதவீதத்தைத் தாண்டியது. வங்கி வாசலை மிதிக்க முடியாதவர் "இரண்டு வட்டி"க்கு வாங்கினால் ஆண்டுக்கு 24 சதவீதம். இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடியிருக்க வருகிறவர் கையில் 2 லட்சம் இருக்கிறது. வங்கியில் போட்டால் மாதம் 2,000 ரூபாய் வட்டி. அதே தொகையை லீஸாகக் கொடுத்து 2,500 ரூபாய் வாடகை பெறும் வீட்டில் இருந்தால் மாதம் 500 லாபம். வீட்டுக்காரர் அதே 2 லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 4,000 கட்டியிருப்பார். இப்போது 2,500 வாடகையை விட்டுக்கொடுத்ததோடு சரி. இடையில் வங்கியும் இல்லை, வட்டிக்கடையும் இல்லை. அவர்கள் எடுத்திருக்கக்கூடிய லாபத்தை இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

உலகில் இது பெங்களூருக்கு மட்டும் உரியதல்ல. பொலிவியாவில் அன்டிக்ரெட்டிகோ என்ற பெயரில் நடக்கிறது. தென்கொரியாவின் ஜொன்சே இன்னும் பெரியது. வீட்டு விலையில் பாதிக்கும் மேலான தொகையைக்கூட அங்கே டெபாசிட்டாக வைப்பார்கள். வங்கிப் பணம் பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்குத் திருப்பிவிடப்பட்ட காலத்தில் கொரியக் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று வங்கியாகிக்கொண்ட கதை அது. 2022-இல் வட்டி ஏறி வீட்டு விலை சரிந்தபோது, பல வீட்டுக்காரர்களால் டெபாசிட்டைத் திருப்பித் தர முடியவில்லை. மோசடிகளும் வெளிவந்தன. 2023-இல் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

பெங்களூரில் காற்று திசை மாறியது 2000-ஐ ஒட்டி. வீட்டுக்கடன் வட்டிக்கான வருமான வரிக் கழிவு 1999 பட்ஜெட்டில் 75,000 ரூபாயாகவும், 2001-இல் ஒன்றரை லட்சமாகவும் உயர்ந்தது. 2003–04 வாக்கில் வீட்டுக்கடன் 8 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மென்பொருள் வேலையில் சேர்ந்த இளைஞருக்கு, அப்பா ஓய்வுபெறும்போது கட்டியது போன்ற வீட்டை முப்பது வயதுக்குள் வாங்க முடிந்தது. வாடகைக்கு இருப்பவருக்கும் சம்பளத்தில் எச்.ஆர்.ஏ. என்ற வீட்டு வாடகைப் படிக்கு வரிச் சலுகை உண்டு; வாடகையே கொடுக்காத லீஸ்காரருக்கு அது கிடையாது. 1999-ஆம் ஆண்டின் புதிய வாடகைச் சட்டம், பெங்களூர் போன்ற நகரங்களில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய வீடுகளைத் தன் வரம்பிலிருந்து விட்டுவிட்டது. லீஸைத் தாங்கி நின்ற தூண்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. டெபாசிட் வட்டி பாதியானதால், அதே வாடகைக்கு ஈடாக வீட்டுக்காரர் இரண்டு மடங்கு லீஸ் தொகை கேட்க வேண்டியிருந்தது. கையில் அவ்வளவு பணம் உள்ளவர் அதை முன்பணமாகக் கட்டி அபார்ட்மென்ட் வாங்கப் போய்விட்டார்.

பிறகு வந்த அதிர்ச்சிகளில் வட்டி இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ விகிதம், 2008-இல் 9 சதவீதமாக இருந்தது, 2009 ஏப்ரலில் 4.75-க்கு வந்தது. பாரத ஸ்டேட் வங்கி முதல் ஆண்டுக்கு 8 சதவீதம் என்று கடன் மேளா நடத்தியது. கொரோனா ஆண்டில், 2020 மே மாதம், ரெப்போ 4 சதவீதம். ஊழியர்கள் சொந்த ஊருக்குப் போய்விட்டதால் டு-லெட் பலகைகள் மாதக்கணக்கில் தொங்கின. 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.5 சதவீதத்துக்கு ஏறியபோது ஊழியர்கள் திரும்பியிருந்தார்கள். வாடகையும் கூடவே எகிறியது.

ஆனாலும் லீஸ் சாகவில்லை. காரணம், பெங்களூரின் ஒரு பெரும்பகுதிக்கு வங்கிக் கதவு இன்னும் திறக்கவில்லை. 2007-இல் ஏழு நகராட்சிகள், ஒரு பேரூராட்சி, 110 கிராமங்கள் சேர்ந்து பெரிய மாநகராட்சி உருவானது. கூடவே முறைப்படி மாற்றாத விளைநிலத்தில் போடப்பட்ட ரெவென்யூ சைட்டுகளும் உள்ளே வந்தன. மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் அவற்றுக்குக் கிடைத்தது பி கட்டா. வரி கட்டலாம், குடியிருக்கலாம். வங்கியில் பத்திரத்தை நீட்டினால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். இவற்றை வரன்முறைப்படுத்த வந்த அக்ரம-சக்ரம திட்டத்துக்கு 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ரெப்போ 4 ஆனாலும் 6.5 ஆனாலும் இந்த வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் கடன் இரண்டு வட்டிக்கடன்தான். இருபதுக்கு முப்பது சைட்டில் மூன்று மாடி எழுப்பியவருக்கு, இன்றும் லீஸ்காரரே வங்கி.

அந்த வங்கி எவ்வளவு பாதுகாப்பானது என்பது வேறு விஷயம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட சுவாதீன அடமானத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அதற்கான முத்திரைத் தீர்வையோ விற்பனைப் பத்திரத்துக்கு நிகர். அதனால் பலரும் சாதாரண முத்திரைத் தாளில் பதினொரு மாத ஒப்பந்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். முறையான ஏ கட்டா வீடுகளில் இன்னோர் ஆபத்து உண்டு: வீடு ஏற்கெனவே வங்கி அடமானத்தில் இருக்கலாம். தவணை நின்றுபோனால் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி சுவாதீனம் எடுக்க வரும். பதிவு செய்யாத குத்தகையைக் காட்டி ஓராண்டுக்கு மேல் உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இலேயே சொல்லிவிட்டது. அண்மைக் காலத்தில் இடைத்தரகர்களும் நுழைந்தார்கள். வீட்டுக்காரருக்கு மாத வாடகை தருவதாகச் சொல்லி வீட்டை எடுத்து, குடிவருகிறவரிடம் லீஸ் தொகையை வாங்கிக்கொண்டு மறைந்துபோன புகார்கள் காவல் நிலையங்களுக்கு வந்திருக்கின்றன.

2025-இல் ரிசர்வ் வங்கி ரெப்போவைப் படிப்படியாக 5.25 சதவீதத்துக்குக் குறைத்தது. அதே ஆண்டின் இறுதியில் கட்டணம் செலுத்தி பி கட்டாவை ஏ கட்டாவாக மாற்றிக்கொள்ளும் திட்டத்தைக் கர்நாடக அரசு கொண்டுவந்தது. வட்டிக் குறைப்பைவிட இரண்டாவதுதான் லீஸ் பலகைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். ரெவென்யூ சைட்டின் சொந்தக்காரர் வங்கியில் கடன் வாங்கிப் பழைய லீஸ்காரருக்குத் திருப்பிக் கொடுக்க முடிந்தால், அடுத்து வருகிறவரிடம் அவர் மாத வாடகைதான் கேட்பார். மாற்றுக் கட்டணத்தைப் புரட்டக்கூட அவருக்கு வழியில்லை என்றால், அதையும் ஒரு புதிய லீஸ்காரரிடமிருந்துதான் வாங்கியாக வேண்டும்.