புது லேப்டாப் வாங்கப் போறீங்களா? முதல்ல இந்த ஒரு பாகத்தை மாத்திப் பாருங்க!

பவர் பட்டனை அழுத்திவிட்டு, டீ போட்டு, குடிச்சு முடிச்சு வந்தாலும் ஸ்கிரீனில் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கா? குரோமில் ரெண்டு டேப் திறந்தாலே லேப்டாப் மூச்சு வாங்குதா? "இதுக்கு வயசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்" என்று முடிவெடுக்கும் முன் ஒரு நிமிஷம். பல நேரங்களில் வயசானது லேப்டாப்புக்கு இல்லை. உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க்குக்குத்தான்!

அதைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி மாட்டினால், அதே லேப்டாப் இன்னும் சில வருஷங்கள் ஓடும். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். ஆனால், பழைய டிஸ்க்கில் இருக்கும் அக்காவின் கல்யாண போட்டோக்களும், அப்பாவின் கடைக் கணக்கும் புது டிஸ்க்குக்குப் பத்திரமாக வந்து சேரணும் இல்லையா? டிஸ்க்கைக் கடையில் வாங்கலாம். அதில் இருப்பதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதனால் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசைதான் இங்கே முக்கியம்.

ஏன் இவ்வளவு ஸ்லோ?

ஹார்டு டிஸ்க்குக்குள் வட்டத் தட்டுகள் சுழல்கின்றன. லேப்டாப்பில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை, டெஸ்க்டாப்பில் 7,200 முறை. ஒரு சின்னக் கை அங்கும் இங்கும் நகர்ந்து, வேண்டிய இடத்தைத் தேடிப் படிக்கும். 1956-ல் ஐ.பி.எம் நிறுவனம் கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து 5 எம்.பி அளவுக்குக்கூடத் தேறாது. இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவு! சைஸ் சுருங்கி, கொள்ளளவு பெருகினாலும், தட்டு சுற்ற, கை தேட என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

விண்டோஸ் திறக்க, ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை வெவ்வேறு இடங்களில் இருந்து எடுக்கணும். ஒவ்வொரு தேடலுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு 10 மில்லி செகண்டுக்கு மேல் ஆகலாம். எஸ்.எஸ்.டி-யில் சுழலும் பாகமே இல்லை. எல்லாம் சிப்தான். அதனால் அதே வேலை பல மடங்கு சீக்கிரம் முடிகிறது.

உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது எது? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கைத் தொட்டால் எஸ்.எஸ்.டி-யா, ஹெச்.டி.டி-யா என்று காட்டும். சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100 சதவிகிதத்தில் நின்றால், மாற்ற வேண்டியது அதைத்தான். மெமரியும் நிரம்பி வழிந்தால் ரேமையும் சேர்த்து ஏற்றுங்கள்.

எது பொருந்தும்?

பாக்ஸில் இருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்கிடாதீங்க. முதலில் உங்கள் மாடலில் எது பொருந்தும் என்று பாருங்கள்.

* 2.5 இன்ச் சாட்டா எஸ்.எஸ்.டி: பழைய லேப்டாப் ஹார்டு டிஸ்க் இருந்த அதே இடத்தில், அதே கனெக்டரில் உட்காரும். உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 550 எம்.பி. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் கிடைத்த லேப்டாப் வீட்டில் சும்மா கிடந்தால், அதற்குத் தேடவேண்டியது இந்த வகைதான்.
* எம்.2 எஸ்.எஸ்.டி: சூயிங் கம் பட்டை மாதிரி மெல்லிசாக இருக்கும். 2280 என்று போட்டிருந்தால் 22 மி.மீ அகலம், 80 மி.மீ நீளம். இதிலும் சாட்டா, என்.வி.எம்.இ என இரண்டு ரகம் உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், ஒன்றுக்கான ஸ்லாட்டில் இன்னொன்று வேலை செய்யாமல் போகலாம். பலர் ஏமாறுவது இங்கேதான்.

என்.வி.எம்.இ வேகம் நொடிக்கு 3,500 எம்.பி-யையும் தாண்டும். ஆனால், பிரவுசிங், வேர்டு, படம் பார்ப்பது போன்ற தினசரி வேலைகளில் ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு மாறும்போது தெரியும் வித்தியாசம், சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ-க்கு மாறும்போது தெரியாது. ஸ்லாட் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

புதிய மேக்புக்குகளிலும் சில மெலிசான லேப்டாப்களிலும் ஸ்டோரேஜ் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அவற்றில் இந்த வேலை நடக்காது.

ஸ்க்ரூவைத் தொடும் முன்…

முதல் வேலை பேக்கப். எக்ஸ்டர்னல் டிரைவில் ஒரு காப்பி எடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது. நாலு ஃபைலையாவது அங்கிருந்து திறந்து பாருங்கள். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸோடு நிறுத்திடாதீங்க. பலர் மறக்கும் லிஸ்ட் இது:

* டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் குவிந்து கிடப்பவை
* டேலி போன்ற கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா ஃபோல்டர்
* பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள்
* பாமினி போன்ற பழைய தமிழ் ஃபான்ட்டுகள். இவை இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் டைப் செய்த தமிழ் ஃபைல்கள் எல்லாம் புரியாத எழுத்துகளாகத்தான் தெரியும்

அடுத்து, பிட்லாக்கர். உங்கள் டிரைவ் என்க்ரிப்ட் ஆகியிருந்தால், 48 இலக்க ரெகவரி கீ இல்லாமல் பின்னாடி திறக்கவே முடியாத நிலை வரலாம். பல லேப்டாப்களில் இது நமக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அந்தக் கீயைத் தேடி, ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். லேப்டாப்பிலேயே சேவ் செய்தால், வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்!

குளோனிங்கா, புது விண்டோஸா?

குளோனிங் என்றால் பழைய டிஸ்க்கை அப்படியே புதுசில் நகலெடுப்பது. யு.எஸ்.பி கேசிங்கில் புது எஸ்.எஸ்.டி-யைப் போட்டு இணைத்தால் போதும். சில எஸ்.எஸ்.டி நிறுவனங்கள் இதற்கான சாஃப்ட்வேரை இலவசமாகவே தருகின்றன. குளோன்சில்லாவும் இலவசம்தான். ஆனால் அது வழக்கமாக, பழைய டிஸ்க்கைவிடப் புதுசு சின்னதாக இருந்தால் ஒப்புக்கொள்ளாது. 500 ஜிபி டிஸ்க்குக்குப் பதில் 480 ஜிபி வாங்கியவர்கள் இங்கேதான் முழிப்பார்கள்.

குளோனிங்கில் ஒரே ஒரு பெரிய ஆபத்து உண்டு. எதிலிருந்து, எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால், காலி டிஸ்க் பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டு எல்லாம் போய்விடும். மாடல் பெயரையும் சைஸையும் ரெண்டு முறை படித்துவிட்டு ஓகே கொடுங்கள். பேக்கப் எடுக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

வைரஸ், எரர், தேவையில்லாத சாஃப்ட்வேர் என்று பழைய விண்டோஸ் குப்பையாக இருந்தால், பென் டிரைவ் மூலம் புதிதாக இன்ஸ்டால் செய்வதே நல்லது. ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன கம்ப்யூட்டர் என்றால், டிஜிட்டல் லைசென்ஸ் பெரும்பாலும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. எஸ்.எஸ்.டி போட்டதால் பழைய பிராசஸருக்கு விண்டோஸ் 11 தகுதி வந்துவிடாது. அந்த மாதிரி லேப்டாப்களுக்கு லினக்ஸ் மின்ட் நல்ல மாற்று.

மாட்டும் நேரம்

ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்குங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றுங்கள். உள்ளே இருப்பது என்றால், மூடியைத் திறந்ததும் முதலில் அதன் கனெக்டரை எடுங்கள். பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். ஒரு உலோகப் பொருளைத் தொட்டு, உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக்கை வெளியேற்றுங்கள். ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையில் ஒரு தட்டில் வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் போனில் போட்டோ எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது குழப்பம் இல்லை. எம்.2 என்றால் லேசாகச் சாய்த்து நுழைத்து, கீழே அமுக்கி ஸ்க்ரூ போடணும். எதையும் பலவந்தமாகத் தள்ள வேண்டாம்.

முதல் முறை ஆன் செய்யும்போது புது டிஸ்க் மட்டும் இருக்கட்டும். பூட் ஆகவில்லையா? பதறாதீங்க. எஃப் 2 அல்லது டெலிட் கீயை அழுத்தி பயாஸுக்குள் போய், புது டிஸ்க் தெரிகிறதா, பூட் வரிசையில் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டினாலும் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் 1,000-ஆல் கணக்கு போடுகிறார், விண்டோஸ் 1,024-ஆல் போடுகிறது. அவ்வளவுதான்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

ஒரு மாசமாவது தொடாமல் வையுங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அப்போதுதான் ஞாபகம் வரும். அதன் பிறகு கேசிங்கில் போட்டு எக்ஸ்டர்னல் டிரைவாகப் பயன்படுத்தலாம். டிவிடி டிரைவ் உள்ள பழைய லேப்டாப் என்றால், அந்த இடத்தில் கேடி வைத்து உள்ளேயே மாட்டலாம். டிரைவின் தடிமன் 9.5 மி.மீ-யா, 12.7 மி.மீ-யா என்று அளந்து வாங்குங்கள்.

விற்பதாக இருந்தால் குயிக் ஃபார்மட் மட்டும் போதாது. அதில் அழிந்த ஃபைல்களை ரெகவரி சாஃப்ட்வேரால் மீட்க முடியும். டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழித்துவிட்டுக் கொடுங்கள்.

ஒருவேளை, பழைய டிஸ்க்கிலிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தால் இந்த வேலை எதையும் ஆரம்பிக்காதீங்க. உடனே ஆஃப் பண்ணுங்க. மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் தட்டு மேலும் கீறப்படலாம். திறந்து பார்ப்பது, ஃபிரிட்ஜில் வைப்பது மாதிரி யூடியூப் வைத்தியம் வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது உங்களுக்கு முக்கியம் என்றால், நேராக டேட்டா ரெகவரி தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

சத்தம் எதுவும் இல்லையா? நல்லது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூ டிரைவரை எடுங்க. அதற்கு முன், சனிக்கிழமை ராத்திரியே பேக்கப்பை ஆரம்பிச்சிடுங்க!