மின்கல உறைச் சேதமும் வேப்பிங் கருவிகளும்: ஒரு பாதுகாப்பு வரலாறு

இலித்தியம் அயனி உருளை மின்கலத்தின் உலோகக் கூட்டின்மேல் இறுக்கமாகப் படிந்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் மின்கல உறை எனப்படுகிறது. நிறுவனத்தின் பெயரும் அளவும் அச்சிட்ட வெறும் ஒட்டுத்தாள் போலவே அது தோன்றும். உண்மையில் அதன் முதன்மைப் பணி மின்காப்பு ஆகும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் கொண்ட இப்படலம் கிழிந்ததால், சட்டைப்பையிலும் கையிலும் மின்கலங்கள் தீப்பற்றிய நிகழ்வுகள் உண்டு. மின்சிகரெட் எனப்படும் வேப்பிங் கருவிகள் 2008-க்குப் பின் பரவியபோதுதான் இந்த உறை பொதுமக்களின் கவனத்துக்கு வந்தது.

உறையின் தோற்றம்

செருமனியைச் சேர்ந்த கார்ல் காஸ்னர் 1886-இல் உலர் மின்கலத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதில் துத்தநாகக் குவளையே கொள்கலமாகவும் எதிர்மின்முனையாகவும் அமைந்தது. அமெரிக்காவில் நேஷனல் கார்பன் நிறுவனம் 1896-இல் கொலம்பியா என்ற பெயரில் இவ்வகைக் கலங்களைப் பெருமளவில் விற்கத் தொடங்கியது. குவளையைச் சுற்றிக் காகித அட்டை உறை இடப்பட்டது. அது கிழிந்தாலும் பெரிய ஆபத்து இல்லை. அக்கலங்களின் உள் மின்தடை அதிகம் என்பதால், இரு முனைகளும் தவறுதலாக இணைந்தால் கலம் சூடாகித் தீர்ந்துபோகும், அவ்வளவே.

காகிதத்தின் இடத்தைப் பின்னர் பிளாஸ்டிக் பிடித்தது. 1926-இல் அமெரிக்க வேதியியலாளர் வால்டோ செமன், கடினமாக இருந்த பாலிவினைல் குளோரைடை வளையும் பொருளாக மாற்றும் வழியைக் கண்டார். பி.வி.சி. என்று அழைக்கப்படும் இப்பொருளைச் சூடான நிலையில் விரித்து, விரிந்த நிலையிலேயே குளிரவைத்தால், மீண்டும் சூடேறும்போது அது பழைய அளவை நோக்கிச் சுருங்கும். இப்பண்பே வெப்பச்சுருக்க உறைக்கு அடிப்படை. குழாய் வடிவப் படலத்துக்குள் மின்கலத்தை நுழைத்துச் சூடான காற்றைச் செலுத்தினால், சில நொடிகளில் உறை கலத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

18650 கலத்தின் அமைப்பு

1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம், 1980-இல் ஜான் குட்இனஃப், 1985-இல் அகிரா யோசினோ ஆகியோரின் ஆய்வுகள் இலித்தியம் அயனி மின்கலத்துக்கு வழிவகுத்தன. மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. சோனி நிறுவனம் 1991-இல் இவ்வகை மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொடர்ந்து 18650 என்ற உருளை வடிவம் மடிக்கணினிகளின் பொது அளவாயிற்று. 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் என்பதே அந்த எண்ணின் பொருள். இறுதியில் உள்ள சுழியம் உருளை வடிவத்தைக் குறிக்கிறது.

இக்கலத்தில் எஃகுக் கூடு முழுவதும் எதிர்மின்முனை ஆகும். அடிப்பகுதி மட்டுமே எதிர்மின்முனை என்று பலரும் எண்ணுவதுண்டு. நேர்மின்முனையோடு இணைத்தால் அதன் உயர்ந்த மின்னழுத்தத்தில் எஃகு அரிக்கப்பட்டுக் கரையக்கூடும் என்பதால், கூடு எதிர்மின்முனையோடு இணைக்கப்படுகிறது. மேல்மூடி மட்டுமே நேர்மின்முனை. மூடியைச் சுற்றி உள்நோக்கி மடிக்கப்பட்ட தோள்பட்டை போன்ற விளிம்பும் எதிர்மின்முனையே. இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் அடைப்பு வளையமும், ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியும் மட்டுமே உள்ளன.

இவ்விளிம்பின்மேல் ஒரு மின்காப்பு வளையம் வைக்கப்பட்டு, அதன்மேல் உறை சற்று மடிந்து படிகிறது. அந்த இடத்தில் உறை கிழிந்து வளையமும் நகர்ந்துவிட்டால், ஒரே உலோகத் துண்டு இரு முனைகளையும் தொட்டுவிடும். இதுவே ஷார்ட் சர்க்யூட் எனப்படும் குறுக்குச்சுற்று. மிகுமின்னோட்டக் கலங்களின் உள் மின்தடை ஓர் ஓமில் சில நூறில் ஒரு பங்கு மட்டுமே. முழுதாக மின்னேற்றிய 4.2 வோல்ட் கலத்தில் மொத்த மின்தடை 0.03 ஓம் என்றால், 140 ஆம்பியர் பாயும். அப்போது எழும் வெப்பத்தில் 130 டிகிரி செல்சியஸ் அளவில் உள்ளே இருக்கும் பாலிஎத்திலின் பிரிப்புப்படலம் உருகுகிறது. அதன்பின் வேதிவினைகள் தாமாகவே வெப்பத்தைப் பெருக்கிக்கொள்கின்றன. வெளிச்சுற்றைத் துண்டித்தாலும் அவை நிற்பதில்லை.

மடிக்கணினியிலிருந்து சட்டைப்பைக்கு

மடிக்கணினிகளில் உறை பற்றிய சிக்கல் எழவில்லை. கலங்கள் ஒரு பெட்டிக்குள் பற்றவைக்கப்பட்டு, கண்காணிப்பு மின்சுற்றோடு மூடப்பட்டிருந்தன. பயனரின் கை அவற்றைத் தொடவே இல்லை. 2008-இல் வெளிவந்த டெஸ்லா ரோட்ஸ்டர் மகிழுந்தில் 6,831 கலங்கள் இவ்வாறே அடைக்கப்பட்டன. உறை ஒருமுறை இடப்பட்டபின் உரசலுக்கு உள்ளாவதில்லை என்ற எண்ணத்தின் மேலேயே அதன் மென்மை அமைந்திருந்தது.

வேப்பிங் கருவிகள் இந்த நிலையை மாற்றின. அமெரிக்கரான ஹெர்பர்ட் கில்பர்ட் 1965-இலேயே புகையிலா சிகரெட்டுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அது விற்பனைக்கு வரவில்லை. சீன மருந்தாளர் ஹான் லிக் 2003-இல் உருவாக்கிய வடிவமே உலகச் சந்தையை எட்டியது. தொடக்கக்காலக் கருவிகளில் விரல் அளவுள்ள சிறிய மின்கலமே இருந்தது. அது விரைவில் தீர்ந்ததால், பயனர்கள் டார்ச் விளக்குக் குழாய்களில் பெரிய கலங்களைப் பொருத்தித் தாங்களே கருவிகளைச் செய்துகொண்டனர். 2008 முதல் மாட் என்ற பெயரில் இவை கடைகளிலும் விற்கப்பட்டன.

இவற்றில் ஒருவகை மெக்கானிக்கல் மாட். ஓர் உலோகக் குழாய், ஒரு பொத்தான், ஒரு கம்பிச்சுருள். மின்னணுப் பாதுகாப்பு எதுவும் இல்லை. கம்பிச்சுருளின் மின்தடை குறையக் குறைய ஆவி பெருகும் என்பதால், பலர் 0.2 ஓம் வரை இறங்கினர். 4.2 வோல்ட்டில் அது 21 ஆம்பியர். உயர்தர 18650 கலங்கள் பலவற்றின் தொடர் மின்னோட்ட வரம்பே 20 ஆம்பியர்தான். கலத்தை நாளுக்கு ஒன்றிரண்டு முறை கழற்றி, மின்னேற்றியில் இட்டு, மீண்டும் குழாய்க்குள் தள்ளுவதும் வழக்கமாயிற்று. கூர்மையான விளிம்புகளில் உறை ஒவ்வொரு முறையும் உரசியது. உதிரிக் கலங்கள் சாவிகளோடும் நாணயங்களோடும் ஒரே பையில் கிடந்தன.

உறை கிழிந்தால் நிகழ்வது

கிழிசலின் விளைவு கருவிக்குக் கருவி வேறுபடும். அடியில் பொத்தான் உள்ள உலோகக் குழாயில், நேர்மின்முனை மேல்நோக்கி இருக்கையில் கிழிந்த இடம் குழாயைத் தொட்டால், மின்னோட்டம் பொத்தானைத் தவிர்த்துச் செல்லும். அப்போது கருவி யாரும் அழுத்தாமலேயே தொடர்ந்து சூடேறும். அதே கலம் தலைகீழாக இடப்பட்டிருந்தால், பொத்தானை அழுத்திய கணமே நேரடிக் குறுக்குச்சுற்று உண்டாகும்.

இரு கலங்களைத் தொடராக இணைக்கும் பெட்டி வடிவக் கருவிகளில் வேறொரு சிக்கல் உண்டு. அருகருகே உள்ள இரு கூடுகளும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் இருக்கும். இரண்டின் உறையும் ஒரே இடத்தில் கிழிந்து கூடுகள் ஒன்றையொன்று தொட்டால், ஒரு கலம் முழுமையாகக் குறுக்குச்சுற்றுக்கு உள்ளாகும்.

கலத்தின் தலை நேரடியாக ஆவியாக்கியின் நடு ஊசியைத் தொடும் ஹைப்ரிட் அமைப்பு இன்னும் கவனம் கோருவது. ஊசி போதிய அளவு வெளியே நீண்டிராவிட்டால், ஆவியாக்கியின் உலோக விளிம்பு கலத்தின் தோள்பட்டையை அழுத்தும். அங்கே இரு முனைகளையும் பிரித்து நிற்பது உறையின் மடிப்பும் காப்பு வளையமும் மட்டுமே.

விபத்துகள் தந்த படிப்பினை

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை ஊடகங்களில் பதிவான 195 தீ, வெடிப்பு நிகழ்வுகளைத் தொகுத்தது. அவற்றில் 133 பேர் காயமுற்றனர். 38 பேரின் காயங்கள் கடுமையானவை. கருவியோ உதிரிக் கலமோ சட்டைப்பையில் இருக்கும்போது நிகழ்ந்தவை 61, பயன்பாட்டின்போது 60, மின்னேற்றத்தின்போது 48. எரிந்த கலத்தில் உறையும் கருகிப்போவதால், ஒவ்வொரு நிகழ்விலும் உறைதான் காரணமா என்று உறுதிசெய்வது அரிது. ஆயினும் பையில் நிகழ்ந்தவற்றின் எண்ணிக்கை, உதிரிக் கலங்களை எடுத்துச் செல்லும் முறையைக் கேள்விக்கு உள்ளாக்கியது.

2016-இல் சியாட்டிலில் உள்ள ஒரு மருத்துவமனையின் மருத்துவர்கள், ஒன்பது மாதங்களில் 15 பேருக்கு இத்தகைய காயங்களுக்குச் சிகிச்சை அளித்ததாக நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினர். தீக்காயத்தோடு காரத்தால் விளையும் வேதிப்புண்ணும் அவர்களிடம் காணப்பட்டது. 2015 முதல் 2017 வரை அமெரிக்க அவசரப் பிரிவுகளுக்கு வந்த இவ்வகைக் காயங்கள் ஏறத்தாழ 2,035 என்று 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதே ஆண்டு புளோரிடாவிலும், 2019-இல் டெக்சாசிலும் கருவி வெடித்ததில் உயிரிழப்புகள் நேர்ந்தன.

தடுப்பு முறைகளின் வளர்ச்சி

முதல் தற்காப்பு பயனர்களிடமிருந்தே வந்தது. உதிரிக் கலங்களுக்கான பிளாஸ்டிக், சிலிகோன் பெட்டிகள் பரவலாயின. கலத்தைக் கருவியில் இடும் முன் உறையை வெளிச்சத்தில் சுற்றிப் பார்ப்பது பழக்கமாயிற்று. சிறு கீறலாயினும் உறையை மாற்ற வேண்டும். கூடு நசுங்கியிருந்தாலோ கசிவு இருந்தாலோ உறையை மாற்றுவது பயனற்றது, கலத்தையே கைவிட வேண்டும் என்ற விதி நிலைபெற்றது.

உறை மாற்றும் முறையும் வரையறுக்கப்பட்டது. பழைய உறையை நேர்மின்முனைப் பக்கமாகக் கத்தியால் கீறக்கூடாது. எதிர்மின்முனைப் பக்கத்திலிருந்தே உரிக்க வேண்டும். காப்பு வளையத்தைத் தோள்பட்டையின்மேல் சரியாக அமர்த்திய பிறகே புதிய குழாயை நுழைக்க வேண்டும். தலைமுடி உலர்த்தியின் சூடான காற்றை நகர்த்திக்கொண்டே காட்டினால் உறை சுருங்கிவிடும். தீக்குச்சி, மெழுகுவர்த்தி, பற்றவைக்கும் கருவி ஆகியவை கலத்தையே சூடேற்றிவிடும் என்பதால் விலக்கப்பட்டன. உறை இரு முனைகளிலும் விளிம்பைத் தாண்டிச் சற்று மடிந்து நிற்க வேண்டும்.

இதே எளிமை ஒரு தீமைக்கும் இடம் தந்தது. சில விற்பனையாளர்கள் மலிவான அல்லது பழைய கலங்களின் உறையை நீக்கி, மிகைப்படுத்திய ஆம்பியர் அளவு அச்சிட்ட புதிய உறையைப் போர்த்தி விற்றனர். காப்புக்காக இருந்த படலம் கலத்தின் உண்மையான அடையாளத்தை மறைக்கும் திரையாகவும் மாறியது. தனிநபர்கள் கலங்களைச் சோதித்து உண்மையான அளவுகளை வெளியிடும் வழக்கம் இதற்கு எதிர்வினையாகவே வளர்ந்தது.

கருவி உருவாக்குநர்களும் தம் வடிவங்களை மாற்றினர். கலம் அமரும் அறையின் விளிம்புகள் மழுங்கலாக்கப்பட்டன. உட்சுவரில் பிளாஸ்டிக் பூச்சு வந்தது. கலத்தைக் கீறாமல் வெளியே இழுக்க நாடா இணைக்கப்பட்டது. வாயு வெளியேறத் துளைகள் அமைந்தன. குறுக்குச்சுற்றையும் தலைகீழ் இணைப்பையும் உணர்ந்து மின்னோட்டத்தை நிறுத்தும் மின்னணுப் பலகைகள் வழக்கமாயின. எனினும், கிழிந்த உறை வழியாகப் பாயும் மின்னோட்டம் பலகையைத் தொடாமலே செல்லக்கூடும் என்பதால், இப்பலகை உறைக்கு மாற்று ஆகாது.

விதிகளும் பொறுப்பும்

2015-இல் பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பு, சரக்கறைப் பயணப்பொதிகளில் மின்சிகரெட்டுகளைத் தடைசெய்தது. உதிரிக் கலங்களை முனைகள் மூடப்பட்ட நிலையில் கைப்பையிலேயே எடுத்துச்செல்ல வேண்டும் என்பது வான்பயண விதி. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் மின்கலப் பாதுகாப்பு குறித்துப் பொதுக் கருத்தரங்கு நடத்தியது. மின்சிகரெட்டுகளின் மின்னமைப்புக்கென யு.எல். 8139 என்ற தரநிலையும் உருவானது.

2021 சனவரியில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட எச்சரிக்கை, சிக்கலின் வேரைச் சுட்டியது. 18650 கலங்கள் மின்கலத் தொகுப்புக்கான தொழிற்சாலை உதிரிப்பாகங்கள். தனித்தனியாக நுகர்வோருக்கு விற்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்று அது கூறியது. கலத்தைச் செய்தவர் அதை உதிரிப்பாகம் என்கிறார். விற்பவர் அதை டார்ச் பேட்டரி போலத் தருகிறார். வாங்குபவர் அதைச் சாவிக்கொத்தோடு பையில் இடுகிறார். இம்மூவருக்கும் இடையில் பொறுப்பு கைமாறிக்கொண்டே சென்றது. கடைசியில் காயம் வாங்கியவரையே சேர்ந்தது.

பிற்கால நிலை

2010-களின் பிற்பகுதியில் கலம் உள்ளேயே அடைக்கப்பட்ட சிறு பாட் கருவிகளும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளும் சந்தையைப் பிடித்தன. பயனர் கலத்தைத் தொடாததால் உறைச் சிக்கல் குறைந்தது. அதற்கு மாறாக, மீண்டும் மின்னேற்றக்கூடிய இலித்தியம் கலங்கள் குப்பையில் குவிந்தன. ஐக்கிய இராச்சியம் 2025 சூன் 1 முதல் எறியும் வகைக் கருவிகளின் விற்பனையைத் தடைசெய்தது.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றைத் தடைசெய்கிறது. ஆனால் 18650 கலம் தடைக்கு உட்பட்டதன்று. மின்னேற்றும் டார்ச், பவர் பேங்க், சூரிய விளக்கு, பழைய மடிக்கணினித் தொகுப்பு ஆகியவற்றின் வழியே அது வீடுகளிலும் பழுதுபார்க்கும் கடைகளிலும் மாணவர்களின் செய்முறைத் திட்டங்களிலும் புழங்குகிறது. பழைய தொகுப்பைப் பிரிக்கும்போது பற்றவைத்த தகட்டைப் பிடுங்குவதிலேயே உறை பெரும்பாலும் கிழிகிறது. வேப்பிங் கருவிகளின் வரலாறு விட்டுச்சென்ற விதிகள் அங்கும் அப்படியே பொருந்தும்: கலத்தின் உடல் முழுவதும் ஒரு மின்முனை, உறை கிழிந்த கலம் உறை மாற்றப்படும் வரை பயன்படுத்தத் தகாதது, உதிரிக் கலம் உலோகப் பொருள்களோடு ஒருபோதும் ஒரே பையில் இருக்கக்கூடாது.