தொலைந்துபோன நிகழ்ச்சிகளின் மாலை

மிஸ்ஸிங் பிலீவ்ட் வைப்ட்: லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் திரையரங்கில் 1993இல் தொடங்கிய பழைய தொலைக்காட்சித் திரையிடல். அழிக்கப்பட்டிருக்கும் என்று காப்பகங்களே கைவிட்ட பிரிட்டிஷ் நிகழ்ச்சிகள் எங்கேனும் அகப்பட்டால், அவை இங்கே பெரிய திரையில் காட்டப்படும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒருமுறை ஒளிபரப்பாகி மறைந்த நகைச்சுவைத் துணுக்கு, தலையும் வாலும் இல்லாத நாடகப் பகுதி, யாரோ பாடிய ஒரு பாட்டு என்று எல்லாம் கலந்து வரும். பார்க்க வருபவர்களில் பலருக்கு அது சிறுவயதில் வீட்டுக் கூடத்தில் பார்த்தது. மற்றவர்களுக்குப் பெயர் மட்டும் தெரிந்தது.

இப்படி ஒரு மாலை தேவைப்பட்டதற்குக் காரணம், பிரிட்டன் தன் தொலைக்காட்சியின் முதல் நாற்பது ஆண்டுகளில் பெரும்பகுதியைத் தானே அழித்ததுதான். எது தங்கும், எது போகும் என்பதைத் தரம் தீர்மானிக்கவில்லை. ஒப்பந்தப் பத்திரங்களும் கிடங்கின் இடநெருக்கடியும் வெளிநாட்டு விற்பனையும் தீர்மானித்தன.

பிபிசியின் வழக்கமான தொலைக்காட்சி ஒளிபரப்பு 1936 நவம்பர் 2 அன்று வடக்கு லண்டனின் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து தொடங்கியது. கண்டுபிடிப்பாளர் பேர்டின் 240 வரி முறையும் மார்கோனி-ஈஎம்ஐ நிறுவனத்தின் 405 வரி முறையும் முறைவைத்து ஓடின. சில மாதங்களில் பேர்டின் முறை கைவிடப்பட்டது. 1939 செப்டம்பர் 1 அன்று, போர் மூளவிருந்த நேரத்தில், ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியது 1946 ஜூன் 7 அன்று. அந்த முதல் மூன்று ஆண்டு நாடகங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. அப்போது எல்லாமே நேரலை, பதிவுசெய்ய வழியில்லை.

போருக்குப் பிறகும் இந்தப் பழக்கம் தொடர்ந்தது. ஞாயிறு இரவு ஒரு நாடகம் நேரலையாகப் போகும். அதே வாரம் வியாழக்கிழமை மறுஒளிபரப்பு என்றால், நடிகர்கள் மறுபடி ஒப்பனை போட்டுக்கொண்டு வந்து முழு நாடகத்தையும் மறுபடி நடிப்பார்கள். 1954 டிசம்பர் 12 அன்று ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘நைன்டீன் எய்ட்டி ஃபோர்’ நாவல், பீட்டர் குஷிங் நடிப்பில் நாடகமாக ஒளிபரப்பானது. அதன் கொடூரத்தைக் கண்டு பார்வையாளர்கள் கொதித்தார்கள், நாடாளுமன்றம் வரை விவகாரம் போயிற்று. எஞ்சியிருப்பது டிசம்பர் 16 அன்று நடித்த இரண்டாவது நாடகம். நாட்டையே கலக்கிய முதல் இரவு காற்றோடு போய்விட்டது.

அந்த இரண்டாவது இரவைக் காப்பாற்றிய முறை எளிமையானது: ஒளிபரப்பு ஓடும் திரைக்கு எதிரே சினிமா கேமராவை நிறுத்திப் படம் பிடிப்பது. 1953 கோடையில் நைஜல் நீல் எழுதி ருடால்ஃப் கார்ட்டியர் இயக்கிய ‘குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ தொடரின் ஆறு பகுதிகளில் முதல் இரண்டு இப்படிப் பதிவாயின. தரம் சரியில்லை என்று மீதி நான்கைப் பதிவே செய்யவில்லை. இரண்டாம் பகுதியின் நடுவே கேமராவுக்கு முன்னாலிருந்த திரையில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. விண்வெளிப் பயங்கரக் கதைக்கு நடுவே அந்தப் பூச்சி இன்றைக்கும் தெரிகிறது.

அதே ஆண்டு ஜூன் 2 அன்று நடந்த எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவை அதே முறையில் பதிவுசெய்து, அன்றே விமானப்படையின் கேன்பரா ஜெட் விமானங்களில் கனடாவுக்கு அனுப்பினார்கள். வெளிநாட்டுக்குப் போக வேண்டியதென்றால் படச்சுருள் கட்டாயம் என்ற இந்தப் பாடம், பிறகு எண்ணற்ற நிகழ்ச்சிகளின் தலையெழுத்தை மாற்றியது.

1955 செப்டம்பர் 22 அன்று விளம்பர வருவாயில் நடக்கும் ஐடிவி லண்டனில் தொடங்கியது. அன்று இரவு வந்த முதல் விளம்பரம் கிப்ஸ் எஸ்ஆர் பற்பசைக்கு. அது இன்றும் பத்திரமாக இருக்கிறது, ஏனென்றால் விளம்பரங்கள் சினிமா படச்சுருளில் எடுக்கப்பட்டன. அந்தக் கால ஐடிவி நாடகங்களில் எத்தனையோ அழிந்துபோக, பற்பசை விளம்பரம் வரலாற்று ஆவணமாகிவிட்டது. லூ கிரேட் என்ற வியாபாரி அமெரிக்கச் சந்தையைக் கண்வைத்துத் தன் ஐடிசி நிறுவனத்தின் சாகசத் தொடர்களைப் படச்சுருளிலேயே எடுக்கவைத்தார். அதனால் ‘தி செயின்ட்’ இருக்கிறது, ‘தண்டர்பேர்ட்ஸ்’ பொம்மைத் தொடரின் 32 பகுதிகளும் இருக்கின்றன, ‘தி ப்ரிஸனர்’ தொடரின் 17 பகுதிகளும் இருக்கின்றன. அதே ஐடிவியில் 1961இல் வந்த ‘தி அவெஞ்சர்ஸ்’ முதல் வரிசை அரங்கத்தில் மின்னணுக் கேமராக்களால் எடுக்கப்பட்டது. அதன் 26 பகுதிகளில் முழுதாக இருப்பவை மூன்று. அதில் ஒன்று 2016இல்தான் அகப்பட்டது.

வீடியோ நாடா வந்ததும் நிலைமை சீர்ப்பட்டிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. பிபிசி தானே வடிவமைத்த வேரா என்ற ராட்சதக் கருவியை 1958 ஏப்ரலில் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் பெருமையோடு காட்டியது. ஒரு சுருளில் கால் மணி நேரம் பதியலாம். ஆனால் அமெரிக்க ஆம்பெக்ஸ் கருவி அதை ஓரங்கட்டிவிட்டது. ஆம்பெக்ஸின் இரண்டு அங்குல நாடா விலை அதிகம், ஆனால் திரும்பத் திரும்பப் பயன்படும். கணக்குப் பார்ப்பவர்களுக்கு அதுவே அதன் சிறப்பு. சென்ற மாத நாடகத்தின் மேல் இந்த மாத நாடகத்தைப் பதிந்துகொள்ளலாம்.

வில்லன் யார் என்று தேடினால் ஒருவர் அகப்பட மாட்டார். பழைய நிகழ்ச்சிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் தங்களுக்குப் புதிய வேலை கிடைக்காது என்று நடிகர் சங்கமான ஈக்விட்டி அஞ்சியது. மறுஒளிபரப்பின் எண்ணிக்கைக்கும் காலத்துக்கும் வரம்பு வைத்தது. அந்த அச்சம் நியாயமானது. வரம்பு முடிந்ததும் அந்த நாடாவைக் காட்ட உரிமையில்லை. காட்ட முடியாததை வைத்திருந்து என்ன பயன் என்று கிடங்குக்காரர் நினைத்தார். 1967 ஜூலையில் பிபிசி-2இல் வண்ணம் வந்தது, 1969 நவம்பரில் மற்ற அலைவரிசைகளுக்கும் வந்தது. கறுப்பு-வெள்ளைக்கு இனி வாங்குவோர் கிடைக்க மாட்டார்கள் என்று ஆனது. பிபிசியில் பொறியியல் பிரிவு நாடாவை அழித்தது. விற்பனைப் பிரிவு, வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கான படச்சுருளை அழித்தது. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருக்கும் என்று இருவருமே நம்பிக்கொண்டிருந்தார்கள். ஐடிவி பக்கம் இன்னும் மோசம். 1968இல் உரிமம் பறிபோன ரெடிஃப்யூஷன் போன்ற நிறுவனங்களின் சேமிப்பு திக்குக்கு ஒன்றாகச் சிதறியது.

இப்படிப் போனவற்றின் பட்டியல் வியப்பூட்டும். 1963 ஜனவரியில் பாப் டிலன் என்ற, அப்போது பிரிட்டனில் பெயர் தெரியாத இளைஞர் பிபிசி நாடகம் ஒன்றில் நடித்துப் பாடினார். ‘மேட்ஹவுஸ் ஆன் காஸில் ஸ்ட்ரீட்’ என்ற அந்த நாடகம் 1968இல் அழிக்கப்பட்டது. மனிதன் நிலவில் கால் வைத்த இரவில் பிபிசி அரங்கிலிருந்து தந்த வர்ணனையும் பெரும்பாலும் இல்லை. பீட்டர் குக்கும் டட்லி மூரும் நடித்த ‘நாட் ஒன்லி... பட் ஆல்ஸோ’ நகைச்சுவைத் தொடரிலும் பெரும்பகுதி அழிந்தது.

திருப்பம் 1970களின் இறுதியில் வந்தது. வீட்டு வீடியோ கேசட் விற்பனைக்கு வரத் தொடங்கியது. பழைய நிகழ்ச்சி மறுபடி காசாகும் என்ற எண்ணம் பிறந்தது. எதைக் காக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பிபிசியில் முதன்முறையாக ஒருவருக்குத் தரப்பட்டது. அந்தப் பதவிக்கு வந்தவர் சூ மால்டன். என்னென்ன போயிருக்கிறது என்று அறிய அவர் சோதனைக்கு எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொடர். 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய அந்தத் தொடரின் முதல் ஆறு ஆண்டுகளுக்குரிய 253 பகுதிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை இல்லை என்று தெரிந்தது. அதே சமயத்தில் இயன் லெவீன் என்ற இசைத் தயாரிப்பாளர், தொடரின் ரசிகர், பிபிசி விற்பனைப் பிரிவுக்குப் போய், குப்பைக்குப் போகவிருந்த படச்சுருள்களைத் தடுத்து நிறுத்தினார்.

நிறுவனங்கள் காக்காததைக் காத்தவர்கள் தனிமனிதர்கள். ஜான் குரா என்ற புகைப்படக்காரர் 1940களின் பின்பகுதியிலிருந்து தொலைக்காட்சித் திரையைச் சற்று இடைவெளிவிட்டு ஒவ்வொரு படமாக எடுத்து நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றுப் பிழைத்தார்; பல நிகழ்ச்சிகளுக்கு இன்று அந்தச் சிறு படங்களே சாட்சி. சிறுவர்கள் ஒலிப்பதிவுக் கருவியின் மைக்கைத் தொலைக்காட்சிப் பெட்டியிடம் நீட்டிப் பிடித்ததால், காணாமல் போன ‘டாக்டர் ஹூ’ பகுதிகள் அனைத்துக்கும் குரல் இருக்கிறது. ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ தொடரை எழுதிய கால்ட்டனும் சிம்ப்சனும் தங்களுக்கென்று எடுத்துவைத்த கறுப்பு-வெள்ளை நாடாக்கள், அழிந்துபோன வண்ணப் பகுதிகளை உயிர்ப்பித்தன.

இவர்களில் பாப் மங்க்ஹவுஸின் கதை தனி. பிரபலமான நகைச்சுவைக் கலைஞரான அவர் வீட்டில் படச்சுருள்களை மலையாகக் குவித்திருந்தார். திரைப்பட விநியோகஸ்தர்களை ஏமாற்றச் சதி செய்ததாக 1979இல் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுவிக்கப்பட்டார். 2003இல் அவர் இறந்த பிறகு சேகரிப்பைத் திறந்து பார்த்தபோது, ஆயிரக்கணக்கான நாடாக்களுக்கு நடுவே வேறு எங்கும் இல்லாத நிகழ்ச்சிகள் கிடைத்தன. நீதிமன்றம் வரை இழுத்துப்போன அதே பழக்கத்துக்குக் காப்பகங்கள் பின்னர் நன்றி சொன்னன.

இந்தத் திரையிடலின் வரலாற்றில் அதிகம் பேசப்படும் மாலை 2011 டிசம்பர் 11. அன்று அரங்கில் இருந்தவர்களுக்கு இரண்டு ‘டாக்டர் ஹூ’ பகுதிகள் முன்னறிவிப்பின்றிக் காட்டப்பட்டன: ‘கேலக்ஸி 4’இன் மூன்றாம் பகுதியும் ‘அண்டர்வாட்டர் மெனஸ்’இன் இரண்டாம் பகுதியும். 1980களில் ஊர்க் கண்காட்சி ஒன்றில் பழைய படச்சுருள்களோடு அவற்றை வாங்கிய ஓய்வுபெற்ற பொறியாளர், அவை காணாமல் போனவை என்று தெரியாமலேயே வைத்திருந்தார். அதே மாலையில் டேவிட் போவி ‘ஜீன் ஜீனி’ பாடும் காட்சியும் ஓடியது. 1973 ஜனவரியில் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சிக்காக எடுத்தது; பிபிசியின் நாடா அழிந்துவிட்டது. ஒளிப்பதிவாளர் ஜான் ஹென்ஷால், தன் சொந்த மீன்கண் லென்ஸால் எடுத்த காட்சி என்பதால் அன்றே தனக்கு ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

வெளிநாடுகள் கொடுத்தவை இன்னும் அதிகம். ‘டாக்டர் ஹூ’வின் ‘டூம் ஆஃப் தி சைபர்மென்’ கதையின் நான்கு பகுதிகளும் 1990களின் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து வந்தன. 2010இல் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் நாடகங்கள் இருப்பது தெரிந்தது. அங்குள்ள கல்வி ஒளிபரப்புக்கு அனுப்பியவை. இளம் ஷான் கானரி நடித்த நாடகமும் அதில் உண்டு. மோர்கம்-வைஸ் நகைச்சுவை இணையின் நிகழ்ச்சி ஒன்று சியரா லியோனில் அகப்பட்டது. முன்னாள் காலனிகளின் ஒளிபரப்பு நிலையங்களுக்குப் பிரதிகளை மலிவாக விற்று, ஓடி முடித்ததும் அழித்துவிடச் சொல்லும் வழக்கம் இருந்தது. சொன்னபடி செய்யாத நிலையங்களுக்கு இன்று பிரிட்டன் கடன்பட்டிருக்கிறது.

அகப்பட்டது அப்படியே திரைக்குப் போவதில்லை. வண்ணத்தில் ஒளிபரப்பாகிக் கறுப்பு-வெள்ளைச் சுருளில் மட்டும் எஞ்சியவற்றில், பழைய வண்ணச் சமிக்ஞை நுண்ணிய புள்ளிகளாகப் படிந்திருப்பதைப் பொறியாளர்கள் கவனித்தார்கள். அந்தப் புள்ளிகளைக் கணினியால் படித்து ‘டாட்ஸ் ஆர்மி’ நகைச்சுவைத் தொடரின் ஒரு பகுதியை 2008 டிசம்பரில் மீண்டும் வண்ணத்தில் ஒளிபரப்பினார்கள். யாரோ வண்ணம் பூசியதல்ல, அன்று அரங்கில் இருந்த வண்ணமே.

அரங்கத்துக்கு வெளியேயும் இந்தப் பார்வைக்கு இடமுண்டு. 1992இல் சேனல் 4, ஃப்ராங்க் மியூர் தொகுத்து வழங்க, சனிக்கிழமைக்கு ஓர் ஆண்டாகப் பழைய நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தியது. 2015இல் ஒரு தந்தையும் மகளும் வீட்டிலிருந்தே தொடங்கிய டாக்கிங் பிக்சர்ஸ் டிவி, மறந்துபோன படங்களையும் தொடர்களையும் நாள் முழுதும் ஓட்டுகிறது. அங்கே தொடரைத் தொடராகப் பார்க்கலாம். தென்கரைத் திரையரங்கில் அது அரிது; முன்பகுதியும் பின்பகுதியும் இல்லாத ஒற்றைப் பகுதியைக் கதை புரியாமலே ரசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். காட்டப்படும் எல்லாமே நன்றாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. தொலைந்திருந்த காலமெல்லாம் காவியமாக வளர்ந்த சில நிகழ்ச்சிகள், கிடைத்ததும் சுமாரான சனிக்கிழமைச் சரக்காக இளைத்துவிடுகின்றன.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 2013இல், தொலைந்த நிகழ்ச்சிகளைத் தேடியலையும் பிலிப் மோரிஸ் நைஜீரியாவின் ஜோஸ் நகர ஒளிபரப்பு நிலையத்தில் தேடியெடுத்த ஒன்பது ‘டாக்டர் ஹூ’ பகுதிகளால், சாதாரணக் கதை என்று ஒதுக்கப்பட்ட ‘எனிமி ஆஃப் தி வேர்ல்ட்’ முதன்முறையாக முழுதாகி, மதிப்பில் வெகுவாக உயர்ந்தது. கூடவே வந்த ‘வெப் ஆஃப் ஃபியர்’ கதைக்கு மூன்றாம் பகுதி மட்டும் கிடைக்கவில்லை. 1968இல் வீடுகளில் பிடித்துவைத்த குரல்பதிவுக்குப் புதிதாக அசைபடம் சேர்த்து, 2021இல் அந்தப் பகுதியை வெளியிட்டார்கள்.