கக்கூஸ் வீட்டுக்குள்ள வந்த கதை

எங்க அம்மம்மாவுக்கு 'கக்கூஸ்' எண்ட சொல் பிடிக்காது. "பாத்ரூம் எண்டு சொல்லு" என்பா. ஆனா அது நாம நினைக்கிற மாதிரி உள்ளூர்க் கொச்சைச் சொல் இல்ல, டச்சுச் சொல். 1656 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடிச்சு 1796 வரைக்கும் ஆண்ட ஒல்லாந்தர் 'கந்தோர்', 'கக்கூஸ்' ரெண்டையும் நமக்கு விட்டுட்டுப் போனாங்க. கந்தோருக்கு மரியாதை கிடைச்சுது, மற்றதுக்குக் கிடைக்கல.

அவங்களுக்கு முன்னால இங்க ஒண்டுமே இல்லை எண்டு நினைக்க வேணாம். அநுராதபுரத்தில் பௌத்த துறவிகள் பாவிச்ச கல் மலசலகூடங்கள் இப்பவும் இருக்கு. அந்தக் கல்லில மாளிகை மாதிரிச் செதுக்கல். எளிமையாக வாழ்ந்த துறவிகள் ஆடம்பரத்தின் மேல் சிறுநீர் கழிக்கிறதுக்காகவே அப்படிச் செதுக்கினாங்க எண்டு ஆய்வாளர்கள் சிலர் சொல்றாங்க. எனக்குப் பிடிச்ச விளக்கம்.

'கொமட்' எண்டதும் முதலில் இழுப்பறை வைத்த மரத் தளபாடத்தின் பிரெஞ்சுப் பேர். பிறகு உள்ளே சட்டி வைத்த கதிரைக்கும் அந்தப் பேர் வந்தது. துரைமார் உட்கார்ந்து எழும்புவாங்க, சட்டியை வேலைக்காரர் தூக்குவார்.

நம்ம ஆட்களுக்கு வளவின் கடைசி மூலையில வாளிக் கக்கூஸ். அதுக்குப் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு. வாளி எடுக்க வாறவர் வீட்டு வளவுக்குள்ள கால் வைக்காமலே ஒழுங்கையிலிருந்து இழுத்து எடுத்துக்கொண்டு போகலாம். அந்த வேலைக்கெண்டே தென்னிந்தியாவிலிருந்து தலித் குடும்பங்களைக் கொண்டுவந்தாங்க. யாரைத் தொடக்கூடாது எண்டு முடிவெடுத்த பிறகுதான் அந்தக் கதவை எங்க வைக்கிறது எண்டு தீர்மானிச்சிருக்காங்க.

கக்கூஸ் வீட்டுக்குள்ள வரத் தேவைப்பட்டது ஒரு வளைஞ்ச குழாய். 1775 இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் எண்ட மணிக்கூடு செய்பவர் அதுக்குக் காப்புரிமை எடுத்தார். வளைவில தங்கி நிற்கிற தண்ணி நாற்றத்தைத் தடுக்கும். ஆனா அதுக்குத் தண்ணி வேணும். லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து கொழும்புக்குத் தண்ணி வந்தது 1886 இல். நிலக்கீழ் கழிவுக் குழாய்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் போடத் தொடங்கினாங்க.

அதுவும் எல்லாருக்கும் ஒண்டா வரல. கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் பொதுக்குழாய், பொதுக் கக்கூஸ், விடிய வாளியோட வரிசை. வெள்ளவத்தையில் கிணத்தடிக் குளிப்பு, குறுக்குக் கட்டோட பெண்கள். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது, டைல்ஸ், கலர் கொமட் எல்லாம் வந்தது. 90களில் வடக்கிலிருந்து வந்த சனத்துக்காக ஃபிளாட்கள் எழும்பின. இப்ப அறை வாடகை விளம்பரத்தில முதல் வாசகமே 'அட்டாச் பாத்ரூம்'. வளவு மூலைக்குத் துரத்தின சாமான் இப்ப கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில. ஆனாலும் ஷவருக்குக் கீழ வாளியும் கப்பும் போகல. தண்ணி வெட்டுற நாளில ஷவரை வச்சு என்ன செய்யிறது?

போன மாதம் எங்க ஒழுங்கையில குழாய் அடைச்சுது. மூடியைத் திறந்து ரெண்டு பேர் இறங்கினாங்க. வேலை முடிஞ்சதும் ஒருத்தர் தமிழில குடிக்கத் தண்ணி கேட்டார். அம்மம்மா உள்ளே போய், கிளாஸை எடுத்துத் திரும்ப வச்சுட்டு, பழைய பிளாஸ்டிக் போத்தலில நிரப்பிக் குடுத்தா. நானும் பார்த்துக்கொண்டு நிண்டேன், ஒண்டும் சொல்லல.