வீங்கிய மின்தேக்கியும் ஒரு தோட்டத்தின் வரலாறும்



சென்ற பள்ளி விடுமுறையில் பொருளறையைத் துப்புரவு செய்தபோது, 2003ஆம் ஆண்டில் வாங்கிய கணினி ஒன்று கண்ணில் பட்டது. அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கி, நம் பள்ளிகளுக்கு மடிக்கணினிகள் வந்த ஆண்டு அது. நான் பயிற்சிக் கழகத்திலிருந்து வெளிவந்த புதிதில், 2005இல், ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டு அவர்தம் தாத்தா பாட்டியரின் தோட்ட வாழ்க்கையை எழுதச் செய்தேன். அவற்றை இக்கணினியில்தான் தட்டச்சு செய்து வைத்தோம். வேறு படி எடுக்கவில்லை. அது என் பிழை. அம்முதியோருள் பலர் இன்று இல்லை. அவர்கள் பால்மரம் வெட்டிய இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது.

விசையை அழுத்தினேன். விசிறி சுழன்றது, திரை இருண்டே கிடந்தது. எச்சரிக்கை ஒலிகூட எழவில்லை. நினைவகத் தகடுகளைக் கழற்றித் துடைத்து, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். காசு வடிவிலான 3 வோல்ட் மின்கலத்தையும் மாற்றினேன். பயனில்லை. வன்தட்டை வேறு கணினியில் பொருத்தலாமென்றால், அதன் அகன்ற பட்டைக் கம்பிக்கு இன்றைய கணினிகளில் இடமில்லை.

யோங் பெங் பட்டணத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் என் முன்னாள் மாணவரிடம் கொண்டு சென்றேன். பார்த்தவுடன் அவர் சொன்னார்: "போர்டு நல்லாத்தான் இருக்கு சார். மூணு கெபாசிட்டர்தான் வீங்கிப் போச்சு."

அந்த வீக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. மையச் செயலிக்கு ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் மின்னழுத்தம் ஏற்ற இறக்கமின்றிக் கிடைத்தாக வேண்டும். அதைச் சீராக்குபவை செயலியைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளான மின்தேக்கிகள். அவற்றுள் அலுமினியத் தகடும் மின்பகு நீர்மமும் இருக்கும். 1999 முதல் 2007 வரையிலான காலத்தில், பெரும்பாலும் தைவானில் செய்யப்பட்ட பல மின்தேக்கிகளில் அந்நீர்மத்தின் கலவை குறையுடையதாக இருந்தது. அதிலிருந்த நீர் அலுமினியத்தை அரிக்க, ஐதரசன் வளி உண்டாகி, உருளையின் தலை வீங்கி வெடித்தது. உலகெங்கும் தாய்ப்பலகைகள் செயலிழந்தன. குறையுள்ள கணினிகளைச் சரிசெய்யும் பொருட்டு டெல் நிறுவனம் 2005இல் ஏறத்தாழ 30 கோடி அமெரிக்க டாலரை ஒதுக்க நேர்ந்தது.

மாணவர் பழைய மூன்றையும் எடுத்துவிட்டு, அதே கொள்ளளவுள்ள புதியவற்றைப் பற்றவைத்தார். மின்னழுத்த அளவு பழையதற்குக் குறையக்கூடாது என்றும், எதிர்முனையைக் காட்டும் பட்டையைத் திசைமாற்றி வைத்தால் புதியதும் வெடிக்கும் என்றும் விளக்கினார். அன்று நான் மாணவன், அவர் ஆசிரியர்.

விசையை அழுத்தினோம். ஒற்றை ஒலி எழுந்தது, திரை ஒளிர்ந்தது. கோப்புகள் அனைத்தும் இருந்தன. ஆயினும் அவற்றை என் மடிக்கணினியில் திறந்தபோது பொருளற்ற குறிகளே தெரிந்தன. அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியாக்கங்களில் அமைந்திருந்தன. ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே தமிழ் தமிழாயிற்று.

அன்று எழுதிய மாணவியருள் ஒருவர் இன்று நம் பள்ளியின் பெற்றோர். தம் பாட்டியைப் பற்றிய பக்கத்தை அவரிடம் அச்சிட்டுக் கொடுத்தேன். இருமுறை படித்துவிட்டு, முதலாம் ஆண்டில் பயிலும் தம் மகனிடம் நீட்டினார். அவன் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினான்.

பெருமக்களே, உங்கள் பள்ளியிலும் இல்லத்திலும் இயங்காத பழைய கணினி இருப்பின், எறியும் முன் மின்கம்பியைக் கழற்றிவிட்டு ஒருமுறை உள்ளே பாருங்கள். பழுது ஒரு சிறு உருளையாக இருக்கலாம். அதனுள் உறங்குவதோ ஒரு தலைமுறையின் குரலாக இருக்கலாம். இயங்கும் கணினி இருப்பின், இன்றே ஒரு படி எடுத்து வையுங்கள்.