இரவற்குரல்: ‘அடுத்த வீட்டுப் பெண்’ணும் அதன் இசையும்

தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் மறுஆக்கப் படங்களை ஓரிரு வரிகளிற் கடந்துவிடுவதே பெருவழக்கு. கதை பிறமொழியது என்றதும், அங்கு ஆராய்வதற்கு யாதுமில்லை என்ற எண்ணம் எழுந்துவிடுகின்றது. 1960ஆம் ஆண்டு வெளிவந்த ‘அடுத்த வீட்டுப் பெண்’ அவ்வெண்ணத்தை ஐயுறச் செய்யும் படமாகும்.

இதன் மூலம் 1952இல் வங்காளத்தில் வெளியான ‘பாஷேர் பாரி’. அடுத்த ஆண்டே அது தெலுங்கில் ‘பக்கிண்டி அம்மாயி’ ஆயிற்று. அதில் நாயகியாக நடித்த அஞ்சலிதேவியே தமிழிலும் நாயகியானார். வேதாந்தம் ராகவையா இயக்கினார். அஞ்சலிதேவியின் கணவர் ஆதிநாராயணராவ் இசையமைத்தார். பாடல்களைத் தஞ்சை ராமையாதாஸ் எழுதினார். கதை எளியது. இசைப்பித்துக் கொண்ட அயல்வீட்டுப் பெண்ணை விரும்பும் இளைஞனுக்குப் பாட வராது. மறைவில் நின்று தோழன் பாட, இவன் வாயசைத்து அவள் மனத்தைக் கவர்கிறான்.

கதை மொழிக்கு மொழி அதிகம் மாறவில்லை. இசையோ ஒவ்வொரு மொழியிலும் புதிதாகப் பிறந்தது. வங்காளத்தில் சலில் சௌத்ரியும், 1968இல் இந்தியில் ‘படோசன்’ என வந்தபோது ஆர். டி. பர்மனும் இசை தந்தனர். பாட்டே சூழ்ச்சியின் கருவியாக அமைந்த கதையில், அயல்மொழி மெட்டை அப்படியே ஏற்றிவிட்டால் நாயகி மயங்கியதை அவையோர் நம்பார். மறுஆக்கம் என்னுஞ் சொல் இப்படங்களின் கதைக்குப் பொருந்தும் அளவிற்கு இசைக்குப் பொருந்தாது.

தமிழாக்கத்தின் தனித்தன்மை வேறோரிடத்தில் உள்ளது. தெலுங்கிற் பாடும் தோழனாகத் தோன்றியவர் பாடகர் ஏ. எம். ராஜா. இந்தியில் அவ்விடத்தை ஏற்றவர் கிஷோர் குமார். இருவரும் உண்மையிலேயே பாடகர். தமிழிலோ அவ்வேடம் நகைச்சுவை நடிகரான கே. ஏ. தங்கவேலுவுக்குக் கிட்டியது. நாயகனான டி. ஆர். ராமச்சந்திரன் தோழனிடம் குரலை இரவல் வாங்க, அத்தோழனோ திரைக்கு அப்பாலிருந்த பி. பி. ஸ்ரீநிவாஸிடம் இரவல் வாங்குகிறார்! தியாகராஜ பாகவதரும் பி. யு. சின்னப்பாவும் தம் குரலிலேயே பாடி நடித்த காலம் அப்போது மறைந்திருந்தது. பின்னணிப்பாடல் என்ற ஏற்பாடு யாருங் கேள்வி கேட்காத வழமையாகிவிட்டது. அவ்வழமையையே அரங்கின் நடுவில் நிறுத்தி நகைத்த படம் இது. நகைத்தோர் அதை அவ்வளவாக எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தியாக்கத்தில் நகைப்பு வேறு திசைக்குத் திரும்பியது. தமிழ்நாட்டு இசையாசிரியராக மெஹ்மூத் தோன்றினார். அவருக்கு மன்னா டே குரல் கொடுத்தார். அந்தப் பாட்டுப் போட்டி இசையால் உயர்ந்ததே. ஆயினும் குடுமியும் உச்சரிப்பும் கேலிப்பொருளாகியதைத் தமிழர் முழுமனத்தோடு சுவைக்க இயலுமா என்பது வேறு வினா.

இப்படத்தின் பாடல்கள் நம்மை வந்தடைந்த வழியும் கருதத்தக்கது. 1952இல் கேஸ்கர் அமைச்சரானபின் அகில இந்திய வானொலி திரையிசையை ஒதுக்கியது. அவ்வெற்றிடத்தை நிரப்பியது இலங்கை வானொலி. கொழும்பிலிருந்து எழுந்த அவ்வொலி தமிழ்நாட்டைச் சென்றடைந்ததுபோல, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களையும் சென்றடைந்தது. திரையரங்குக்கு நெடுந்தூரம் செல்லவேண்டிய வன்னிக் கமக்காரனுக்குப் பாட்டு முதலில் வந்தது. படம் பின்னர் வந்தது, அல்லது வராமலே போயிற்று. பொருளாதாரத் தடையினால் மின்கலம் அரிதான 1990களில், துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை இங்குண்டு. ஒருவர் மிதிக்க, மற்றையோர் சூழ்ந்திருந்து கேட்டனர். மிதிப்பவர் களைத்தாற் பாட்டும் களைத்துவிடும்.

முகங்காணாது குரலை மட்டும் கேட்டு ஸ்ரீநிவாஸின் காதற்பாடல்களை உருக்கமெனக் கொண்ட அக்கேள்வியாளர், கதையின் நாயகி இருந்த இடத்திலேயே இருந்தனர். அவள் சன்னலுக்கு அப்பால் நாயகனின் வாயசைவையேனும் கண்டாள். இவர்களுக்கு அதுவும் இல்லை. பாட்டை நெடுங்காலம் அறிந்த ஒருவர் பிற்பாடு படத்தைக் காண நேர்ந்தால், அவ்வுருக்கத்தின் பின்னே ஒளிந்துநிற்பவர் தங்கவேலு என்பது தெரியவரும். சிரித்த பின்னரும் அந்தப் பாட்டு அவருக்குக் குறைந்துவிடுவதில்லை.